டீசல் லாரியை கேஸுக்கு மாத்தினா லாபமா? கணக்கு இதுதான்

பென்னாகரத்திலிருந்து தருமபுரி, தொப்பூர் வழியாக சேலம் பக்கம் லோடு அடிக்கிற லாரிக்காரருக்கு டீசல்தான் பெரிய செலவு. 'பேசாம வண்டியை கேஸுக்கு மாத்திட்டா என்ன?' என்ற யோசனை அதனால்தான் வருகிறது. அரசே 700 டீசல் பஸ்களை ரூ.70 கோடியில் சிஎன்ஜிக்கு மாற்றப்போவதாக 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தது. லாரிக்கும் இது சரிப்படுமா?

இன்ஜினில் என்ன மாறும்?

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். இயற்கை எரிவாயு தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதனால் இன்ஜெக்டரை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வைப்பார்கள். நாக்கிங் வராமல் இருக்க, பிஸ்டன் தலையைக் கடைந்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். அப்புறம் அந்த இன்ஜின் டீசலில் ஓடாது.

'டூயல் ஃபியூயல்' முறையில் கொஞ்சம் டீசல் பீய்ச்சி கேஸைப் பற்றவைப்பார்கள். கேஸ் தீர்ந்தாலும் டீசலிலேயே வண்டி போகும்.

சிஎன்ஜியா, எல்என்ஜியா?

சிஎன்ஜி, சுமார் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டரில் அடைத்த கேஸ். சிலிண்டர் எடை கூடினால் ஏற்றும் லோடு குறையும். எல்என்ஜி, மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய அதே கேஸ். கொள்ளளவு சுமார் 600-ல் ஒரு பங்கு. நீண்ட தூரத்துக்கு இதுதான் வசதி. ஆனால் வண்டி பல நாள் சும்மா நின்றால் கேஸ் ஆவியாகி வீணாகும்.

விதி என்ன?

அங்கீகரிக்கப்பட்ட கிட் வேண்டும். ஆர்சி புத்தகத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். சிஎன்ஜி சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பிஎஸ்-6 வண்டிகளுக்கு 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தந்த அனுமதி, 3.5 டன்னுக்குக் குறைவானவற்றுக்குத்தான். அதனால் பெரிய லாரிக்காரர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

போட்ட பணம் எப்போ திரும்பும்?

பட்ஜெட் கணக்குப்படி ஒரு பஸ்ஸுக்கு சராசரியாக ரூ.10 லட்சம். உங்கள் வண்டிக்கும் அவ்வளவே ஆகி, கிலோமீட்டருக்கு 5 ரூபாய் மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம். போட்ட பணத்தை எடுக்கவே 2 லட்சம் கி.மீ. ஓட்ட வேண்டும். வண்டி அவ்வளவு காலம் தாங்குமா என்பதையும் பாருங்கள்.

பஸ் தினமும் ஒரே ரூட்டில் ஓடி டிப்போவுக்குத் திரும்பும். ஒரே இடத்தில் கேஸ் பிடிக்கலாம். லாரி, லோடு கூப்பிடும் ஊருக்கெல்லாம் போகும். கேஸுக்காகச் சுற்றும் ஒவ்வொரு கிலோமீட்டரும் மிச்சத்தைத் தின்றுவிடும்.

புகை குறையும் என்பது உண்மை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதனால் கசிவு இல்லாத, சரியான ட்யூனிங் முக்கியம்.

கிட் விலையை விசாரிக்கும் முன், வழக்கமாகப் போகும் ரூட்டில் கேஸ் பங்க் எங்கெங்கே இருக்கிறது என்று மேப்பில் குறியுங்கள். அதைப் பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.