துறைமுகம் இல்லாத தளபதி

புதுச்சேரியில் சுப்ரேன் வீதி என்று ஒரு தெரு இருக்கிறது. யார் அந்தச் சுப்ரேன்?

அவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி. 1729-ஆம் ஆண்டு தெற்குப் பிரான்சில் பிறந்தார். 14 வயதில் கடற்படையில் சேர்ந்தார். இரண்டு முறை ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார்.

1782-ல் போர்க் கப்பல்களுடன் சோழமண்டலக் கரைக்கு வந்தார். தலைமைத் தளபதி வழியிலேயே இறந்துவிட்டார். முழுப் பொறுப்பும் சுப்ரேன் தலையில் விழுந்தது. அப்போது மைசூர் மன்னர் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு போரிட்டு வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஹைதரின் பக்கம்.

ஜூலை மாதம் கடலூர் அருகே இருவரும் சந்தித்தார்கள். சுப்ரேன் மிகவும் பருமனானவர். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. ஹைதர் மெத்தைகளைக் கொண்டுவரச் சொல்லி, வசதியாக உட்கார வைத்தார்.

சுப்ரேனுக்குப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நல்ல துறைமுகம் இல்லை. அந்தக் காலக் கப்பல் என்றால் மரமும் பாயும் கயிறும்தான். குண்டு பட்டால் பாய்மரம் முறியும். புது மரம் வேண்டும். அலை இல்லாத இடத்தில் நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும். ஆங்கிலேயருக்குப் பம்பாயில் கப்பல் பட்டறை இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் புதுச்சேரிகூட இல்லை. 1778-லேயே அது ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்தது. சுப்ரேன் என்ன செய்தார்? சிறிய கப்பல்களின் பாய்மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் பொருத்தினார். திறந்த கடலில் நின்றே பழுது பார்த்தார். ஆகஸ்டு கடைசியில் இலங்கையின் திருகோணமலையைப் பிடித்தார். அது அருமையான துறைமுகம்.

ஆங்கிலேயத் தளபதி ஹியூஸ் என்பவர். இருவரும் 5 முறை மோதினார்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று போர் நடந்தது. ஒரு பெரிய கப்பல்கூட எதிரி கையில் சிக்கவில்லை. ஆட்கள்தான் செத்தார்கள்.

கடைசிப் போர் கடலூர்க் கடலில், 1783 ஜூன் 20 அன்று நடந்தது. ஹியூசிடம் 18 கப்பல்கள். சுப்ரேனிடம் 15. ஆனாலும் பின்வாங்கியவர் ஹியூஸ். அவருடைய மாலுமிகள் பலர் நோயில் கிடந்தார்கள். குடிநீரும் குறைந்துவிட்டது. அவர் சென்னைக்குத் திரும்பினார்.

சில நாளில் ஒரு கப்பல் வந்தது. அதில் வந்த செய்தி என்ன தெரியுமா? பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. அதுவும் ஜனவரி மாதத்திலேயே! அப்போது தந்தி கிடையாது. கப்பல் வந்தால்தான் செய்தி. அது வருவதற்குள் கடலூர்ப் போரில் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 200 பேர் இறந்துவிட்டார்கள்.

சுப்ரேன் ஊர் திரும்பும் வழியில், ஆப்பிரிக்காவின் தென்கோடித் துறைமுகத்தில் தங்கினார். சில ஆங்கிலேயக் கப்பல்களும் அங்கே வந்தன. அவற்றின் தலைவர்கள் அவரோடு போரிட்டவர்கள். அவர்களே அவர் கப்பலுக்கு வந்து மரியாதை செலுத்திவிட்டுப் போனார்கள்.