மந்தமான கணினியும் நமது சிக்கனமும்

வீட்டுக் கணினி மந்தமாகிவிட்டால், அதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கவேண்டும் என்று பலர் கருதுகின்றனர். பணத்தைச் செலவிடுமுன், தாமதம் எங்கே உண்டாகிறது என்று ஆராய்வது அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். மெமரி எப்பொழுதும் நிரம்பியே இருப்பின், கணினியைப் போட்டவுடன் தாமாக இயங்கும் வேண்டாத செயலிகளை நிறுத்தவேண்டும். அதுவும் போதாதெனில் ராம் கூட்டலாம். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் குறை பழைய ஹார்டு டிஸ்க்கில்தான். அது நிமிஷத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு; வேண்டிய இடத்தைத் தேடிச் சென்றே படிக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ சுழலும் உறுப்பே இல்லை. ஆகவே இம்மாற்றம் ஒன்றே வேகத்தைப் பெரிதும் கூட்டும்.

மாற்றுமுன் நிலப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் நகலை வேறிடத்தில் சேமித்து வைப்பீராக. தேய்ந்த டிஸ்க் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை.

இன்னொரு விஷயம்: விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினியிலும் லினக்ஸை இலவசமாக நிறுவிப் பல்லாண்டு உழைப்பு வாங்கலாம்.