உங்களுக்குத் தெரியுமா? கிளிஃப்டன் தொங்குபாலம்

இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஏவன் ஆற்றின் செங்குத்தான பாறைப் பள்ளத்தாக்கைக் கடக்கும் கிளிஃப்டன் தொங்குபாலத்தை வடிவமைத்தவர் இசம்பார்ட் கிங்டம் புரூனல். 1831இல் அவரது வடிவம் தேர்வானபோது அவருக்கு வயது 24. கோபுரங்கள் எழும்பிய நிலையில், 1843இல் பணமில்லாமல் வேலை நின்றுபோனது. 1859இல் புரூனல் மறைந்தபின், அவர் நினைவாகச் சக பொறியாளர்கள் திட்டத்தை மீட்டெடுத்து 1864இல் பாலத்தைத் திறந்தனர். லண்டனில் புரூனலே கட்டிய ஹங்கர்ஃபோர்டு நடைபாலம் அப்போது இடிக்கப்பட, அதன் இரும்புச் சங்கிலிகள் இங்கே கொண்டுவரப்பட்டது நெகிழவைக்கும் செய்தி.

கோபுரங்களுக்கு இடையிலான தூரம் 214 மீட்டர். பாலத்தின் இருபுறமும் ஒன்றன்மேல் ஒன்றாக மும்மூன்று சங்கிலிகள். அவற்றிலிருந்து இறங்கும் 162 இரும்புக் கம்பிகளே பாதையைத் தாங்குகின்றன. கோபுர உச்சியில் சங்கிலிகள் இறுகக் கட்டப்படவில்லை. உருளைகள் மேல் அமர்ந்த இரும்புச் சேணங்கள் வழியாகச் செல்கின்றன. வெயிலில் இரும்பு நீண்டாலும் வண்டிகளின் பாரம் மாறினாலும் சேணம் சற்றே நகர்ந்துகொடுக்கும். கோபுரம் பக்கவாட்டில் இழுபடாது. புரூனலின் நுட்பம் முழுதாக வெளிப்படுவது இங்கேதான். சங்கிலிகளின் முனைகள் இரு கரைகளிலும் பாறைக்குள் குடையப்பட்ட சுரங்கங்களில் பிணைக்கப்பட்டுள்ளன.

ஆற்றின் ஒரு கரையான லீ வுட்ஸ் பக்கக் கோபுரத்தைத் தாங்கும் அடித்தளம் திண்மையான கட்டுமானம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அதனுள் வளைகூரையுடன் 12 வெற்றறைகள் இருப்பது 2002இல்தான் தெரியவந்தது.