குவாண்டம் நினைவின் மறதி

குவாண்டம் கணினி பற்றித் தமிழில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியக்கின்றன. அப்படியென்றால் அது ஏன் இன்னும் கல்முனைக் கடைகளுக்கு வரவில்லை என்று என் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு மறதி அதிகம் என்பேன்.

காந்தப்புலத்தில் வைத்த அணுக்கரு பம்பரம்போலத் தலையசைத்துச் சுற்றுகிறது. சுற்றில் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதிலும் தகவல் இருக்கிறது. சூழலின் காந்தப்புலம் இலேசாகப் பிசகினாலும் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். சற்று நேரத்தில் எல்லாம் கலைந்துவிடும். விஞ்ஞானிகள் இதையே இரைச்சல் என்கிறார்கள். காதால் கேட்கும் சத்தம் அல்ல.

கலைந்ததைத் திரும்பச் சேர்க்கலாம் என்று 1950இல் அமெரிக்க விஞ்ஞானி எர்வின் ஹான் காட்டினார். நம் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒரே கோட்டிலிருந்து ஓடுகிறார்கள். ஒரு நிமிடத்தில் விசில் ஊதி, “எல்லாரும் திரும்பி ஓடுங்க!” என்கிறோம். வேகமாக ஓடியவனுக்குத் திரும்பும் தூரம் அதிகம், மெதுவாக ஓடியவனுக்குக் குறைவு. அடுத்த நிமிட முடிவில் எல்லாரும் ஒன்றாகக் கோட்டில் நிற்பார்கள். இந்த உவமை என்னுடையதல்ல. 1953 நவம்பர் ‘பிசிக்ஸ் டுடே’ இதழின் அட்டையிலேயே இந்த ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். ஆய்வுகூடத்தில் விசிலுக்குப் பதில், கருவின் சுழற்சியை 180 பாகை புரட்டும் சிறு வானொலி அலைத் துடிப்பு.

“சேர், ஒருத்தன் நடுவுல களைச்சுப் போனா என்ன செய்ற?” என்று ஒரு மாணவி கேட்டாள். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. இரைச்சல் மாறிக்கொண்டே இருந்தால் ஒரு விசில் போதாது. களைப்பதற்கு முன்னரே அடிக்கடி ஊத வேண்டும். 1954இல் காரும் பேர்செலும் அப்படித்தான் தொடர் துடிப்புகளைக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புரட்டு இம்மியளவு பிசகும், பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு 1958இல் மெய்பூமும் கில்லும் வழி கண்டார்கள். குவாண்டம் கணினியைக் காக்க இதையே பயன்படுத்தலாம் என்று வயோலாவும் லொயிடும் எழுதியது 1998இல்தான்.

2007இல் ஊரிக் என்ற ஜெர்மானியர் இன்னொன்றைச் சொன்னார்: விசிலைச் சம இடைவெளியில் ஊத வேண்டியதில்லை, தொடக்கத்திலும் முடிவிலும் நெருக்கமாக, நடுவில் விட்டுவிட்டு ஊதினால் சிலவகை இரைச்சலுக்கு அதுவே மேல். இதைப் பக்கத்து நாட்டிலேயே சோதித்தார்கள். புனே ஐசர் நிறுவனத்தில் ரோய், மகேஷ் ஆகியோர் அகர்வாலுடன் சேர்ந்து, திரவத்திலுள்ள இரு அணுக்கருக்களின் பின்னிப் பிணைந்த நிலையை ஊரிக் முறையில் காத்து 2011இல் வெளியிட்டார்கள். துடிப்புகளின் எண்ணிக்கை ஒற்றையானால் இரட்டையைவிட நன்றாகக் காத்தது. ஒரு குறிப்பிட்ட நிலை ஏறத்தாழ 30 வினாடி தாக்குப்பிடித்தது. கோடிக்கணக்கான சுற்றுகளுக்கு அது ஒழுங்கு கெடாமல் நின்றது என்பதை நினைத்தால் 30 வினாடி சின்னக் காரியமல்ல.

இதை “இரைச்சலை அழித்தல்” என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இரைச்சல் அப்படியே இருக்கிறது. அதன் விளைவைத்தான் அதைக்கொண்டே கழிக்கிறோம். விசிலுக்கும் விசிலுக்கும் இடையிலேயே மாறிவிடும் வேகமான இரைச்சலிடம் இந்த வித்தை பலிக்காது. கரு தன் சக்தியையே சூழலுக்கு இழந்துவிட்டால் எத்தனை தரம் ஊதியும் பயனில்லை. ஓடுகிறவன் மைதானத்தைவிட்டே போய்விட்டான். அங்கே பிழைதிருத்தம் என்ற வேறு முறை வேண்டும், அதற்கு மேலதிகக் கருக்களும் வேண்டும்.