ஊருக்கு வந்து திரும்பும் பெற்றோரின் இரண்டு மனம்

புதுச்சேரிக்கு விடுமுறைக்கு வந்து பிரான்ஸ் திரும்பும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு, ஊரைப் பிரியும் வேதனையும் பிள்ளைகளின் படிப்பு அங்கே நன்றாக நடக்கிறது என்ற நிம்மதியும் சேர்ந்தே வருகின்றன. இதைக் குழப்பம் என்று தள்ளிவிட முடியாது. இதற்கு வரலாற்றில் வேர் இருக்கிறது. 1954 நவம்பர் 1-இல், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் இதற்கான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ‘சொல்தா’ குடும்பங்கள் பல அப்படி எழுதிக் கொடுத்தன. தாத்தா போட்ட கையெழுத்து, பேரன் எங்கே வளர்வான் என்பது வரை நீண்டுவிட்டது.

“விரும்பித்தானே போனார்கள், பிறகென்ன புலம்பல்?” என்று கேட்பவர்கள் உண்டு. பாஸ்போர்ட் மாறுவதால் பாசம் மாறிவிடாது. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் விசா இல்லாமல் வரலாம், வாக்களிக்க முடியாது. சட்டமே அவர்களை வாசற்படியில்தான் நிறுத்தியிருக்கிறது. “பிள்ளைகளுக்கு ஊர் ஒட்டவில்லையே” என்ற வருத்தமும் நியாயமானதே. ஆனால், கடற்கரைச் சாலையையும் பாரதி பூங்காவையும் சுற்றிக் காட்டினால் மட்டும் ஊர் ஒட்டிவிடாது. “ஆயா, இன்னொரு தோசை போடு” என்று பாட்டியிடம் உரிமையோடு கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த ஊர் அந்நியமாகாது. குற்ற உணர்வில் வாடுவதைவிட, பாரீஸ் வீட்டில் தினமும் தமிழ் பேசுவதே பெற்றோர் செய்யக்கூடிய நல்ல காரியம்.