மரண வீதங்களை ஒப்பிடும்போது ஏமாறாதிருக்க

கொவிட் காலத்தில் ஒருநாள் இரவு சாச்சாவின் மகன் அழைப்பெடுத்தார். "நானா, வாப்பாவுக்குக் காய்ச்சல். டெக்ஸாமெதசோன் உயிரைக் காப்பாற்றுமாம். பாமசியில் வாங்கிக் கொடுக்கட்டுமா?" மூச்சுத்திணறல் இல்லையென்றார். வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றேன். காரணத்தை விளக்க அன்று நேரமிருக்கவில்லை.

2020 ஏப்ரல் 29 இல் ரெம்டெசிவிர் பற்றிய அமெரிக்க ஆய்வின் ஆரம்ப முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களில் 8.0 சதவீதமானோரும், போலி மருந்து பெற்றவர்களில் 11.6 சதவீதமானோரும் மரணித்திருந்தனர். பார்த்தவுடன் மருந்து வென்றுவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் ஒரே சிகிச்சையை இரு குழுக்களுக்கு வழங்கினாலும் மரணங்கள் சமமாக இருப்பதில்லை. நாணயத்தை நூறு தடவை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழுவதில்லையே! எனவே புள்ளிவிபரவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: மருந்தால் எந்தப் பலனும் இல்லையென்று வைத்துக்கொண்டால், தற்செயலாக மட்டும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு? இங்கு விடை 0.059. அதாவது நூறில் ஏறத்தாழ ஆறு. வழமையான எல்லை ஐந்து. ஆகவே உயிர் காக்கும் என்று உறுதியாகவில்லை.

இதை "94 சதவீதம் வேலை செய்யும்" என்று வாசிப்பது தவறு. அந்த எண் சொல்வது அதுவல்ல.

அதே ஆண்டு ஒக்டோபரில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பெரிய ஆய்வு வந்தது. ரெம்டெசிவிர் பெற்ற 2,743 பேரில் 301 மரணங்கள். பெறாத 2,708 பேரில் 303. ஆரம்பத்தில் கண்ட இடைவெளி ஏறத்தாழ மறைந்துபோனது.

டெக்ஸாமெதசோன் கதை வேறு. பிரித்தானியாவின் 'ரிகவரி' ஆய்வில் மரணம் 25.7 இலிருந்து 22.9 சதவீதமாகக் குறைந்தது. இடைவெளி சிறியதுதான். ஆனால் 6,000 இற்கும் மேற்பட்ட நோயாளர்கள் இருந்ததால், தற்செயலுக்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. செயற்கைச் சுவாசம் பெற்றோரிடம் மரணம் 41.4 இலிருந்து 29.3 சதவீதமாக இறங்கியது.

ஒட்சிசன் தேவைப்படாத நோயாளர்களிலோ மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும், பெறாதவர்களில் 14.0 சதவீதமும் மரணம். இந்த வித்தியாசமும் தற்செயலாக வரக்கூடியதே. தீங்கு என்று நிரூபணமாகவில்லை. ஆனால் பலனுக்கான அடையாளமும் இல்லை. சாச்சா இருந்தது இந்தக் குழுவில்தான்.

சாச்சா அம்மருந்து இல்லாமலே குணமானார். அது என் ஆலோசனை சரியென்பதற்கு ஆதாரமல்ல. அன்று அவர் அதை விழுங்கிக் குணமாகியிருந்தால், அதுவும் மருந்துக்கு ஆதாரமாகியிராது. ஒருவரின் கதை ஒப்பீடாகாது.

அடுத்த முறை வட்ஸ்அப்பில் "இந்த மருந்து மரணத்தைக் குறைத்தது" என்று செய்தி வந்தால், பகிர முன் மூன்றைக் கேளுங்கள்: எத்தனை பேரில் எத்தனை மரணம்? தற்செயலாக வர வாய்ப்பு எவ்வளவு? அந்த நோயாளர்கள் நம் வீட்டு நோயாளியைப் போன்றவர்களா?