கட்டியை அடையாளம் காட்டும் ஊசி

புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசிகளில் ஹெபடைடிஸ் பி, எச்பிவி ஊசிகள் பலருக்கும் தெரிந்தவை. கல்லீரலிலும் கருப்பைவாயிலும் புற்றுநோய்க்கு வித்திடும் வைரஸ்களை இவை முன்கூட்டியே தடுத்துவிடுகின்றன. நோய் வந்த பிறகு, உடலின் எதிர்ப்பாற்றலைக் கட்டியின் மீது திருப்பிவிடப் போடப்படும் ஊசிகள் வேறு வகை. கடினமான வேலை இவற்றுடையதுதான்.

கிருமி வெளியிலிருந்து வருவது. புற்றுநோய்ச் செல்லோ உடலின் சொந்தச் செல்லிலிருந்தே கிளைத்தது. சொந்தச் செல்களைத் தாக்காதிருக்கப் பழகிய, எதிர்ப்பாற்றலின் டி செல்கள் அதையும் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. போதாததற்கு, எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்தும் பொருட்களைக் கட்டியே சுரக்கிறது.

இந்தத் தடையைத் தாண்டிய முன்னோடி, காசநோய்க்காகக் குழந்தைகளுக்குப் போடும் அதே பிசிஜி. அதைச் சிறுநீர்ப்பைக்குள் நேரடியாகச் செலுத்தினால் மேலோட்டமான கட்டிகள் மீண்டும் வருவது குறைகிறது என்று கனடாவின் ஆல்வாரோ மொராலெஸ் 1976-இல் தெரிவித்தார். மருந்து உண்டாக்கும் அழற்சி, எதிர்ப்புச் செல்களை அங்கே திரட்டுகிறது. இன்றும் இது வழக்கத்தில் உள்ள சிகிச்சை. ஆனால் இன்னதைத் தாக்கு என்று குறிப்பாக எதையும் பிசிஜி காட்டுவதில்லை.

குறி காட்டும் முயற்சியில், முற்றிய பிராஸ்டேட் புற்றுநோய்க்கான சிபுலூசெல்-டி 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களைப் பிரித்து, பிராஸ்டேட் புரதம் ஒன்றை அவற்றுக்குப் பழக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். கூடிய ஆயுள் சராசரியாக நான்கு மாதம். அப்போதைய விலையோ 93,000 டாலர். இவ்வளவுக்கு இவ்வளவா என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

இப்போதைய எதிர்பார்ப்பு எம்ஆர்என்ஏ ஊசிகள் மீது. அறுத்தெடுத்த கட்டியின் மரபணுக்களை அதே நோயாளியின் நல்ல செல்களோடு ஒப்பிட்டு, கட்டியில் மட்டும் உள்ள பிறழ்வுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பிறழ்ந்த புரதத் துண்டுகளுக்கான குறிப்பை ஊசியில் ஏற்றுகிறார்கள். நல்ல செல்களில் அவை இல்லாததால், டி செல்கள் தயங்கக் காரணமில்லை. ஆளுக்கு ஆள் பிறழ்வு மாறுவதால், ஊசியும் ஆளுக்கு ஒன்றாகவே தயாராக வேண்டும்.

மாடர்னாவும் மெர்க்கும் தயாரித்த இத்தகைய ஊசியில் 34 குறிகள் வரை இடம்பெறும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட 157 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. ஊசியோடு, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தும் பெற்றவர்களுக்கு, மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் கணையப் புற்றுநோயாளிகள் 16 பேருக்கு பயோஎன்டெக் ஊசி போடப்பட்டதில், பாதிப் பேரிடம் புதிய டி செல்கள் உருவாயின. அவர்களிடம் நோய் திரும்புவதும் தாமதமானது. இரண்டிலும் ஊசி போடப்பட்டது அறுவைக்குப் பிறகு. பெரிய கட்டி நீங்கி, எஞ்சிய செல்கள் சிலவே இருக்கும்போது எதிர்ப்பாற்றல் வெல்ல வாய்ப்பு அதிகம்.